கணிப்பொறிக் கூடத்தில் ஒரு பழங்கடல்

அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1970-களின் இறுதியில் அவ்வூர்ப் பக்கத்து நிலத்தில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் மிகப் பெரிய எலும்புகள் சிலவற்றைக் கண்டார்கள். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த விலங்கின், கல்லாகிப்போன எலும்புகள் அவை. முழங்காலுக்குக் கீழேயுள்ள எலும்பின் நீளம் மட்டும் 2 மீட்டர்! உங்கள் வகுப்பறைக் கதவின் உயரம் ஏறக்குறைய அவ்வளவுதானே? கீழ்க்கால் எலும்பே அவ்வளவு என்றால் முழு விலங்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1987-இல் அதற்குப் புருகத்காயோசாரஸ் என்று பெயர் சூட்டினார்கள். பேருடல் படைத்த பல்லி என்பது அதன் பொருள். அந்த அளவு சரியானால், நிலத்தில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றுள் அதுவும் ஒன்று.

அந்த எலும்புகளை இன்று எந்தக் காட்சிச்சாலையில் பார்க்கலாம்? எங்கும் பார்க்க முடியாது. அவை மிகவும் பொலபொலப்பானவை. தோண்டியெடுத்துக் கட்டுப் போட்டு அனுப்பியும், ஆய்வகம் போய்ச் சேருமுன்பே நொறுங்கிவிட்டன. இதை 2017-இல் வெளியான ஒரு கட்டுரை தெரிவித்தது.

எலும்பு போனதும் சந்தேகம் வந்தது. முதலில் அதை ஊனுண்ணி என்றார்கள். பிறகு, நீண்ட கழுத்துடைய இலையுண்ணி என்றார்கள். அவை எலும்புகளே அல்ல, கல்லாகிய மரத்துண்டுகளோ என்றுகூடச் சிலர் ஐயுற்றார்கள். எடுத்துக் காட்டக் கையில் ஒன்றும் இல்லை. 1987-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருந்த கோட்டுப்படங்கள் எல்லா ஐயங்களையும் தீர்க்கப் போதவில்லை. கடைசியில் துணைக்கு வந்தவை, அதுவரை வெளியிடப்படாதிருந்த பழைய புகைப்படங்கள். 2022-இல் அய்யாசாமியும் இன்னொரு நிலவியலாளரும் அவற்றை அச்சிட்டு, இவை நீள்கழுத்து டைனோசாரின் எலும்புகளே என்று வாதிட்டார்கள். ஆனால் எலும்பை மறுபடி அளந்து பார்க்க இனி யாராலும் முடியாது.

மாணவ நண்பர்களே, இந்தக் கதைக்கும் உங்கள் பள்ளியின் கணிப்பொறிக் கூடத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? தமிழ்நாட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் என்ற பெயரில் கணிப்பொறிக் கூடங்கள் இருக்கின்றன. அங்கே என்ன செய்கிறீர்கள்? பாடம் பார்ப்பீர்கள், தேர்வு எழுதுவீர்கள், செயல்திட்டம் என்றால் வேறு எவரோ எடுத்த படங்களை இறக்கி ஒட்டுவீர்கள். பெரம்பலூரிலோ அரியலூரிலோ படிக்கும் மாணவர் அப்படிச் செய்வது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. ஏனென்றால், படம் எடுக்கத் தக்க பொருள் உங்கள் காலடியில் கிடக்கிறது.

பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் நீங்கள் நிற்கும் இடம் கடல். அம்மோனைட் என்னும் சுருளோட்டு உயிர்கள் அதில் நீந்தின. வடக்கே கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமக் கல்லைப் பார்த்திருக்கிறீர்களா? அதுவும் அம்மோனைட்டின் கல்லுருவமே. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் வளைந்த சிப்பிகள் அடுக்கடுக்காய்க் கிடக்கின்றன. காரையில் மழைநீர் அறுத்த சிவந்த மண்மேடுகளில் கடலுயிர் எச்சங்கள் தலைகாட்டுகின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறது. அதை 1940-இல் உலகுக்குத் தெரிவித்தவர் எம்.எஸ். கிருஷ்ணன். பின்னாளில் நிலவியல் ஆய்வுத் துறையின் தலைவரான முதல் இந்தியர் அவர்தாம்.

இங்கே சிமெண்டு ஆலைகள் இருப்பதற்கும் அந்தக் கடல்தான் காரணம். கடலுயிர்களின் ஓடுகள் சேர்ந்து இறுகியதே சுண்ணாம்புக்கல். அதை வெட்டும்போது புதைபடிவங்களும் சேர்ந்தே அரைபடுகின்றன. வெயிலும் மழையும் மிச்சத்தைச் சிதைக்கின்றன. அழகாக இருக்கிறதே என்று பையில் போட்டுக்கொண்டு போகிறவர்களும் உண்டு. எடுத்துப் போன கல் எந்த மண்ணடுக்கில் இருந்தது, பக்கத்தில் என்ன கிடந்தது என்ற செய்தியெல்லாம் அப்போதே அழிந்துவிடும். ஆகவே நீங்கள் கல்லை எடுக்கவேண்டாம், படத்தை எடுங்கள். ஆனால் அழகான படமாக மட்டும் இருந்தால் போதாது. பின்னால் ஒருவர் அதைப் பார்த்து அளக்கவும் வேண்டும்.

படத்தைப் பார்த்து அளப்பதா? கணிப்பொறிக்குள் படம் எப்படி இருக்கிறது என்பது தெரிந்தால் இது எளிது. படம் அங்கே சிறுசிறு சதுரப் புள்ளிகளாக இருக்கிறது. அவற்றைப் பிக்சல் என்பார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் நிறத்தைச் சொல்லும் எண்கள் உண்டு. 1957-இல் அமெரிக்காவின் தேசிய அளவியல் நிறுவனத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் தம் மூன்று மாதக் குழந்தையின் புகைப்படத்தை முதன்முதலில் இப்படி எண்களாக்கிக் கணிப்பொறியில் ஏற்றினார். அப்படம் அகலத்தில் 176 புள்ளி, உயரத்தில் 176 புள்ளி, மொத்தம் 30,976. இன்று உங்கள் ஆசிரியரின் கைப்பேசி எடுக்கும் படம் சாதாரணமாக 4,000-க்கு 3,000, அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள்.

இப்போது ஒரு கெட்டி அட்டையில் 10 செ.மீ. நீளம் குறித்து, ஒவ்வொரு செ.மீ. கட்டத்தையும் கறுப்பு வெள்ளையாக மாற்றி மாற்றித் தீட்டுங்கள். இதுவே உங்கள் அளவுப்பட்டை. அதைப் புதைபடிவத்தின் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். கூடத்துக்கு வந்து கிம்ப் என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்து, அதிலுள்ள அளவைக் கருவியால் பட்டையை அளந்தால் 800 புள்ளி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1 செ.மீ.க்கு 80 புள்ளி. அம்மோனைட்டின் குறுக்களவு 1,240 புள்ளி என்றால், 1,240-ஐ 80-ஆல் வகுக்க 15.5 செ.மீ. கல்லைத் தொடாமலே அளந்துவிட்டீர்கள்! கல் அழிந்து ஐம்பது ஆண்டு கழித்தும் இன்னொருவர் இதே அளவை எடுக்கலாம்.

பட்டைக்குப் பதிலாக ரூபாய் நாணயம் வைத்தால் என்ன என்று தோன்றும். நம் நாணயங்களின் அளவு பலமுறை மாறியிருக்கிறது. எந்த ஆண்டு நாணயம் என்று பின்னால் பார்ப்பவர் தேடிக்கொண்டிருக்க வேண்டும். அட்டையே நல்லது.

இன்னொரு பிழையைக் கவனியுங்கள். கேமரா கல்லிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அளவுப்பட்டையை ஒரு மேட்டின்மேல் வைத்ததால் அது கல்லைவிட 5 செ.மீ. கேமராவுக்குக் கிட்டே வந்துவிட்டது. கிட்டே உள்ளது பெரிதாய்த் தெரியும் அல்லவா? 45 செ.மீ. தொலைவிலுள்ள பட்டையைக் கொண்டு 50 செ.மீ. தொலைவிலுள்ள கல்லை அளந்தால், 20 செ.மீ. கல் 18 செ.மீ. என்றே விடை வரும். பத்தில் ஒரு பங்கு பிழை! ஆகவே கல்லின் மேற்பரப்பும் பட்டையும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். கேமரா நேர் எதிரே இருக்கவேண்டும்.

வெளிச்சமும் முக்கியம். நடுப்பகல் வெயிலில் அம்மோனைட்டின் வரிகள் மறைந்து அது வெறும் உருண்டைக் கல் போலிருக்கும். காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ ஒளி சாய்வாக விழும்போது ஒவ்வொரு வரியும் நிழல் போட்டு எழுந்து நிற்கும். கைப்பேசிகள் சில, படத்தைத் தாமாகவே மெருகேற்றி இல்லாத விளிம்புகளையும் வரைந்துவிடுகின்றன. அத்தகைய வசதிகளை நிறுத்திவிடுங்கள். (சுண்ணாம்புச் சுரங்கங்களுக்குள் அனுமதியின்றி இறங்கவே கூடாது. காரை மேடுகளில் மண் சரியும், ஆசிரியருடன்தான் போகவேண்டும். சுத்தியல் வீட்டிலேயே இருக்கட்டும்.)

எந்த இடம் என்பதையும் எழுதவேண்டும். மாவட்டத்தின் பெயர் மட்டும் போதுமா? கல்லமேட்டில் எலும்பு கண்டபோது அது திருச்சிராப்பள்ளி மாவட்டம். 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001-இல் அரியலூர் தனியாகி, 2002-இல் மீண்டும் பெரம்பலூருடன் சேர்ந்து, 2007-இல் மறுபடி தனி மாவட்டமாயிற்று. கல் நகரவில்லை, முகவரி மட்டும் நான்கு முறை மாறிவிட்டது! அட்சரேகை, தீர்க்கரேகை மாறுவதில்லை. ஒரு பாகை அட்சரேகை சுமார் 111 கி.மீ. ஆகவே தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கங்கள் எழுதினால் இடம் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் துல்லியமாகிவிடும். இந்த எண்ணைக் கூடத்துப் பதிவேட்டில் வையுங்கள். ஊருக்கெல்லாம் காட்டும் காட்சித் தொகுப்பில் போடவேண்டாம். கல் திருடுபவர்களுக்கும் அது வழி காட்டும்.

படங்கள் கூடத்துக்கு வந்தபின் முதல் வேலை அழகுபடுத்துவதன்று. மூலப் படங்களைத் தனி அறையில் பூட்டுவதுபோல ஒரு கோப்புறையில் போட்டுத் தொடாமல் விடுங்கள். வேலை எல்லாம் பிரதியின்மேல்தான். காரணம் இருக்கிறது. 1 கோடியே 20 லட்சம் புள்ளிக்கு, புள்ளிக்கு 3 பைட் வீதம், 3 கோடியே 60 லட்சம் பைட் வேண்டும். ஆனால் கைப்பேசி தரும் ஜேபெக் கோப்பு அதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களை விட்டுவிட்டுத்தான் அது அவ்வளவு சுருங்குகிறது. திருத்தித் திருத்தி அதே வடிவில் சேமித்தால் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் இழப்பீர்கள். இடையிடையே சேமிக்கும் பிரதிக்குப் பிஎன்ஜி வடிவம் ஏற்றது. அதில் இழப்பு இல்லை.

கோப்புக்குப் பெயர் வைப்பதில் நம் மாணவர்கள் காட்டும் அலட்சியம் சொல்லி மாளாது. "புதுப்படம்", "புதுப்படம் கடைசி", "கடைசிக்கும் கடைசி" என்று வைத்தால் அடுத்த மாதம் உங்களுக்கே விளங்காது. ஆண்டு, மாதம், நாள், ஊர், வரிசை எண் என்று வையுங்கள். ஆண்டு முதலில் வந்தால் கணிப்பொறி தானாகவே கால வரிசையில் அடுக்கித் தரும். விளக்கக் குறிப்புகளை யூனிகோடு முறையில் தட்டச்சு செய்யுங்கள். முன்பு ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீட்டு முறை இருந்ததால், அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் தமிழ் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றது. அதில் எழுதியது எங்கும் தமிழாகவே தெரியும்.

பிறகு விரும்பினால் குரல் சேருங்கள். ஆடாசிட்டி என்ற மென்பொருள் போதும். விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, அளவுக்கு 2 பைட் எழுதினால் ஒரு நிமிடப் பேச்சுக்கு 53 லட்சம் பைட்டுக்குச் சற்றுக் குறைவு. எந்தப் பழைய கணிப்பொறியும் இதைத் தாங்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். நகரும் படம்தான் கூடத்தைத் திணறடிக்கும். 1,920-க்கு 1,080 புள்ளி, விநாடிக்கு 25 படம் என்றால், சுருக்காவிட்டால் ஒரு விநாடிக்கே 15 கோடி பைட்டுக்கு மேல் ஆகிறது. அதனால் நிலைப்படங்களை வரிசைப்படுத்திக் குரலோடு இணைத்து மூன்று நிமிடக் காட்சி செய்வதே பத்துக் கணிப்பொறியை நாற்பது பேர் பகிர்ந்துகொள்ளும் கூடத்துக்கு ஏற்றது. முடித்தவற்றைக் கூடத்துக் கணிப்பொறியில் மட்டும் வைத்து நம்பியிருக்காதீர்கள். பழுது பார்க்க வருபவர் எல்லாவற்றையும் துடைத்துவிடுவார். மூன்று பிரதி வேண்டும். அவற்றில் ஒன்றேனும் வேறு கட்டடத்தில் இருக்கவேண்டும்.

பழகுவதற்கு அரியலூருக்கு அருகே வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகம் நல்ல இடம். அனுமதி கேட்டுக்கொண்டு தொடங்கலாம். அதன்பின் சாத்தனூர்க் கல்மரத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 மீட்டர் மரம் முழுவதையும் 4,000 புள்ளி அகலமுள்ள ஒரே படத்தில் அடக்கினால், ஒரு புள்ளிக்கு 4.5 மி.மீ. அதைவிட மெல்லிய விரிசல் படத்தில் தெளிவாக இராது. புள்ளிக்கு அரை மி.மீ. வேண்டுமானால் ஒரு படத்தில் 2 மீட்டர்தான் அடங்கும். 18-ஐ 2-ஆல் வகுத்து 9 படம் போதும் என்பீர்கள். ஆனால் பக்கத்துப் படங்களைக் கணிப்பொறியில் பிசகின்றி இணைக்க, ஒவ்வொன்றும் முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கையாவது மீண்டும் காட்டவேண்டும். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் நீங்கள் ஒன்றேகால் மீட்டருக்குச் சற்று மேல்தான் நகரலாம். சரியாகச் சொன்னால் ஒன்றும் மூன்றில் ஒன்றும். முதல் படம் 2 மீட்டரைக் காட்டிவிடும். மீதி 16 மீட்டருக்கு 12 படம். மொத்தம் 13.