வேளாண் பல்கலைக்கழகம் போகும் ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கு எட்டு அறிவுரைகள்

கலந்தாய்வில் இடம் வாங்கிப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, நான் தோட்டக்கலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். சேர்வராயன் மலைத் தோட்டங்களில் ஏறி இறங்கியே வயதானவன். சேர்க்கைக்கு வழி சொல்ல ஊரில் ஆள் உண்டு. சேர்ந்தபின் அந்த இடத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லத்தான் ஆள் குறைவு. அதனால் இந்த எட்டு.

1. எங்கே போகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள். 1868-ல் சென்னை சைதாப்பேட்டையில் ஒரு விவசாயப் பள்ளியாகத் தொடங்கியது. 1906-ல் கோயம்புத்தூருக்கு வந்தது. 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது. கோவையோடு அது முடிந்துவிடவில்லை. மதுரை, கிள்ளிகுளம், திருச்சியிலும் கல்லூரிகள் உண்டு. தோட்டக்கலைக்குப் பெரியகுளம், வனவியலுக்கு மேட்டுப்பாளையம். கோவை கிடைக்கவில்லையே என்று முகம் வாட வேண்டாம். எல்லாம் ஒரே பல்கலைக்கழகம்தான்.

2. அதற்கு மூன்று வேலைகள் என்பதை மறக்காதீர்கள்: கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம். இந்த அமைப்பின் வேர் அமெரிக்காவில். 1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டப்படி, பொது நிலத்தை மாநிலங்களுக்குக் கொடுத்து, அதன் வருமானத்தில் உழவும் தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளை எழுப்பினார்கள். 1887-ல் ஆய்வுப் பண்ணைகளுக்கும், 1914-ல் விரிவாக்கத்துக்கும் சட்டங்கள் வந்தன. இங்கே ராதாகிருஷ்ணன் தலைமையிலான கல்விக் குழு 1949-ல் கிராமப்புறப் பல்கலைக்கழகங்களை வலியுறுத்தியது. 1960-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் துணையோடு பந்த்நகரில் நாட்டின் முதல் வேளாண் பல்கலைக்கழகம் வந்தது. தேர்வும் மதிப்பெண்ணும் இந்த மூன்றில் ஒன்றை மட்டுமே அளக்கும். மற்ற இரண்டையும் நீங்களாகத் தேடிப் போக வேண்டும்.

3. நம் வாசலில் இருக்கும் கிளைகளை முதலில் பாருங்கள். ஏற்காட்டிலேயே இந்தப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கீழே ஏத்தாப்பூரில் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம். சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையம். தோட்டத்தில் கேட்கும் ரகப் பெயர்களையும் படிக்கப் பழகுங்கள். கோ என்றால் கோவை, ஏ.டி.டி. என்றால் ஆடுதுறை, பி.கே.எம். என்றால் பெரியகுளம். ஊரெல்லாம் காய்க்கும் பி.கே.எம்.1 செடிமுருங்கை அப்படி வந்ததுதான். சேருவதற்கு முன்பே ஒருநாள் நிலையத்துக்குப் போய், என்ன ஆய்வு நடக்கிறது என்று கேளுங்கள்.

4. ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்பதற்கு மாவுப்பூச்சியைப் படியுங்கள். 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி என்று தாவியது. மருந்தடித்து மாளவில்லை. அந்தப் பூச்சியின் சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கம். அங்கே அதை அடக்கி வைக்கும் எதிரிகள் உண்டு. அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்தார்கள். பல்கலைக்கழகமும் அவற்றைப் பெருக்கி வயல்களுக்குக் கொடுத்தது, பூச்சி அடங்கியது. பத்தாண்டு கழித்து வேறொரு மாவுப்பூச்சி கேரளம் வழியாகச் சேலம், நாமக்கல் மரவள்ளிக் காடுகளில் இறங்கியது. இம்முறை குளவி வந்தது ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து. 2022-ல் அதை வயலில் விட்டது நம் ஏத்தாப்பூர் நிலையத்தில்தான். குச்சிக்கிழங்கு விவசாயியின் புகார் கடல் கடந்து போய், விடையாகத் திரும்பி வந்திருக்கிறது. நீங்கள் படிக்கப் போகும் தொழில் இதுதான்.

5. எந்தக் கேள்விக்கு எந்தக் கதவு என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். காபி ஆராய்ச்சிக்கென்று தனியாகக் காபி வாரியம் இருக்கிறது. 1925-ல் தொடங்கிய அதன் தலைமை ஆராய்ச்சி நிலையம் சிக்மகளூர் மாவட்டம் பாலேஹொன்னூரில். ஏற்காட்டு ஆர்க்கிட் தோட்டம் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்துடையது. அதன் தென்மண்டல மையம் கோவையில் உங்கள் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. அங்குள்ள உலர்தாவரத் தொகுப்பைப் பார்க்காமல் படிப்பை முடிக்காதீர்கள்.

6. தோட்டக்காரனிடம் முதலில் கேளுங்கள், பிறகு சொல்லுங்கள். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காபி கொண்டுவந்தபோது இங்கே கல்லூரி எதுவும் இல்லை. நட்டுப் பார்த்துத்தான் கற்றார்கள். அராபிக்காவைக் கொல்லும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வெயில் படும் தண்டில்தான் முட்டையிட விரும்பும் என்று புத்தகம் சொல்லும். எந்தச் சரிவில் நிழல் மரத்தை வெட்டியபின் செடி வாடியது என்பதை அங்கே வேலை செய்யும் மலையாளிப் பழங்குடிப் பெரியவர் சொல்வார். இரண்டும் சேர்ந்தால்தான் பரிந்துரை. கடைசி ஆண்டு கிராமத் தங்கல் திட்டத்தைப் புகைப்படம் எடுக்கும் சடங்காக்காமல், கேட்டதையெல்லாம் எழுதி வையுங்கள்.

7. அரசுப் பள்ளி, தமிழ்வழி என்று கூசாதீர்கள். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள் சலுகையில் வந்தோமே என்று தலை குனிய வேண்டாம். அது 2021-ம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. ஆங்கிலப் பாடம் முதல் பருவத்தில் மிரட்டும். புரியாததை அன்றே ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். தேர்வுவரை தள்ளினால் மலைபோல் குவியும். பயிருக்கு உரம் வைக்கத் தெரிந்த பிள்ளை வகுப்பில் யாருக்கும் குறைந்ததில்லை.

8. வேலையைப் பற்றி யோசியுங்கள். அதற்காக முதல் ஆண்டிலேயே பயிற்சி மையத்தில் புதைந்துவிடாதீர்கள். வங்கி வேளாண் அலுவலர், அரசுத் துறை, முதுகலை, ஆராய்ச்சி என்று பல வழிகள் உண்டு. எந்த வழியில் போனாலும் விடுமுறைக்கு வரும்போது ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுத் தோட்டத்தில் பத்து இடத்தில் ‘வி’ வடிவக் குழி வெட்டி மண் எடுத்து, கலந்து, நாலாகப் பகுத்து, அரை கிலோவைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முடிவு வந்ததும் அப்பாவுக்கும் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் விளக்கிச் சொல்லுங்கள். அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், அதைத்தான் அடுத்த பருவத்தில் உங்கள் பேராசிரியரிடம் கொண்டுபோக வேண்டும்.