கலை இயக்குநராக எந்த வழி?

சினிமாவில் கலை இயக்குநராக ஆசைப்படும் பிள்ளைகள் எடுத்ததும் கேட்பது, “எந்தக் காலேஜில் சேரலாம்?” என்றுதான். இந்த வேலைக்கு மூன்று திறமைகள் வேண்டும்: நினைத்ததை வரையும் கை, அளந்து கட்டும் அறிவு, கேமராவுக்கு எது தெரியும் என்ற தெளிவு. உங்களிடம் எது குறைவு என்று பாருங்கள். அதைத் தரும் வழியே உங்களுக்கு ஏற்றது.

சென்னை தரமணி திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு போன்றவற்றுக்குப் பட்டப்படிப்பு உண்டு. கலை இயக்கத்துக்கென்று தனியாக இல்லை. ஆகவே நம் முன் இருப்பவை நான்கு வழிகள்.

1. கவின் கலைக் கல்லூரி

1850-இல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில், பிளஸ் டூ முடித்தவர்கள் ஓவியம், சிற்பம், விஷுவல் கம்யூனிகேஷன் போன்ற பிரிவுகளில் நான்காண்டு பட்டம் பெறலாம். கலை இயக்குநர்கள் தோட்டா தரணி, பி. கிருஷ்ணமூர்த்தி, சாபு சிரில் மூவரும் இங்கே படித்தவர்கள்தான். கும்பகோணத்திலும் அரசுக் கல்லூரி உண்டு. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் குறைவு. கையும் கண்ணும் நன்றாகப் பழகும். கட்டுமானத்தையும் கேமராவையும் வெளியேதான் கற்க வேண்டும்.

2. கட்டடக்கலை

ஐந்தாண்டுப் படிப்பு, தனியார் கல்லூரிகளில் செலவு அதிகம். பிளான், எலிவேஷன், அளவு, பளு எல்லாம் அத்துப்படியாகும். சினிமா கைகொடுக்காவிட்டாலும் தொழில் இருக்கும். ஆனால் கட்டடம் காலத்துக்கும் நிற்க வேண்டும். செட் படப்பிடிப்பு முடியும்வரை நின்றால் போதும். கேமரா நுழைய வேண்டுமென்றால் ஒரு சுவரையே கழற்ற வேண்டியிருக்கும். இந்த மனமாற்றம் எல்லோருக்கும் எளிதில் வருவதில்லை.

3. புனே திரைப்படக் கல்லூரி

1960-இல் தொடங்கிய எஃப்டிஐஐயில் கலை இயக்கத்துக்கென்றே மூன்றாண்டு முதுநிலைப் படிப்பு உண்டு. ஓவியம், அப்ளைடு ஆர்ட், கட்டடக்கலை, இன்டீரியர் டிசைன் போன்றவற்றில் பட்டம் வேண்டும். அகில இந்தியப் போட்டி, இடங்களோ சில. ஒளிப்பதிவு, இயக்கம் படிப்பவர்களோடு சேர்ந்தே படம் எடுப்பதுதான் இங்கே கிடைக்கும் பெரிய பாடம்.

4. நேரடியாக உதவியாளர்

எந்தப் படிப்புக்குப் பின்னும் இந்தப் படியில் கால் வைத்தே ஆக வேண்டும். ஒரு டீக்கடை செட் போடுகிறோம் என்று வையுங்கள். பிளைவுட்டும் ரீப்பரும் அடித்துச் சுவரை எழுப்புவது பாதி வேலை. அடுப்புக்கு மேலே புகைக் கரி எவ்வளவு உயரம் ஏறியிருக்கும்? பெஞ்சில் சாய்ந்து உட்காருகிறவர்களின் தலை எண்ணெய் சுவரில் எங்கே படிந்திருக்கும்? கிளாஸ் கழுவும் தண்ணீர் தெறித்து அடிச்சுவர் எதுவரை ஊறியிருக்கும்? பெயின்டரோடு நின்று வேலை பார்த்தால்தான் இது பிடிபடும். ‘நாயகன்’ (1987) படத்துக்காக தாராவியைச் சென்னையில் செட்டாக எழுப்பிய தரணி, கலை இயக்குநரான அப்பாவோடு இளமையிலேயே செட்டில் நின்றவர். இந்த வழியில் தொடக்க வருமானம் நிலையாக இராது. திரைத்துறைச் சங்கத்தில் உறுப்பினராகும் விதிகளையும் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு எது?

பிளஸ் டூ முடித்து, ஓரளவு வரையத் தெரிந்தவர்களுக்கு என் பரிந்துரை கவின் கலைக் கல்லூரி. விடுமுறைதோறும் செட்டில் வேலை. ஏற்கெனவே பட்டம் பெற்று, கேமரா அறிவு மட்டும் குறைந்தால் புனே. உடனே சம்பாதிக்க வேண்டிய வீடென்றால் உதவியாளராகச் சேருங்கள். தினமும் வரைவதை மட்டும் விடாதீர்கள். சில மாதப் பயிற்சி தரும் தனியார் நிறுவனம் என்றால், பணம் கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள்: மாணவர்கள் செட் கட்டிப் பார்க்கத் தச்சுப் பட்டறை இருக்கிறதா? மென்பொருள் மட்டும் என்றால் வேண்டாம்.

எந்த வாசலைத் தட்டினாலும் கையில் போர்ட்ஃபோலியோ வேண்டும். அழகான படங்களை அடுக்குவதைவிட, பிடித்த சிறுகதையிலிருந்து ஒரே ஓர் அறையை எடுங்கள். அதன் தரைப்படத்தை அளவோடு வரையுங்கள். வண்ண ஸ்கெட்ச் போடுங்கள். அங்கிருக்கும் சாமான்களுக்குப் பட்டியலும் செலவுக் கணக்கும் எழுதுங்கள். அட்டையில் சிறு மாடல் செய்யுங்கள். இதைச் செய்து முடிக்கையில் எங்கே திணறினீர்களோ, அதைக் கற்றுத்தரும் இடத்துக்கு விண்ணப்பம் போடுங்கள்.