செவிப்பறை ஓட்டைக்கு ஆபரேஷன்: ஸ்பிரிங்வெளிப் பக்கத்தாருக்கு ஒரு வழிகாட்டி

நம் லயங்களில் காது வடிவதை யாரும் ஒரு வருத்தமாகவே எடுப்பதில்லை. "சின்னதுல இருந்தே அப்படித்தான்" என்று சொல்லி, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள் ஏராளம். அப்படி வருடக்கணக்காக வடிகிற காதில் பெரும்பாலும் செவிப்பறை ஓட்டையாகியிருக்கும். அந்த ஓட்டையை ஒட்டுப் போட்டு அடைக்கலாம், அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கட்டாமலே அடைக்கலாம். ஆனால் டாக்டர் கையில் இருப்பது ஆபரேஷன் நடக்கிற அந்த ஒரு நாள் மட்டும்தான். அதற்கு முன்னும் பின்னும் காதை ஈரமில்லாமல் வைத்திருப்பது நம் பொறுப்பு. ஒட்டு பிடிப்பதில் பாதி அதில்தான் இருக்கிறது.

1. எப்படி வந்த ஓட்டை என்று பாருங்கள்

செவிப்பறை ஒரு சென்ரிமீற்றர் அகலம்கூட இல்லாத சவ்வு. அதன் தடிப்பு சுமார் 0.1 மில்லிமீற்றர். நெருப்புக்குச்சியால், கொண்டை ஊசியால் காது குடைந்தோ, கன்னத்தில் விழுந்த அறையாலோ கிழிந்திருந்தால் அவசரப்பட வேண்டாம். தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் இப்படியான கிழிசல்களில் பெரும்பாலானவை இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே மூடிவிடும். ஆனால் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிட வேண்டும். யாராவது அடித்துத்தான் கிழிந்தது என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அது நோயாளியின் பதிவில் இருப்பது பிறகு உதவும்.

சிறுவயதில் சளியோடு தொடங்கி விட்டுவிட்டு வடிகிற காது வேறு வகை. அந்த ஓட்டையின் விளிம்பு காய்த்துப்போயிருக்கும், தானாக மூடாது. ஆபரேஷன் பெரும்பாலும் இவர்களுக்குத்தான்.

சீழ் கொஞ்சமாக வந்தாலும் அழுகல் நாற்றம் அடித்தால் கவனம் வேண்டும். உள்ளே தோல் வளர்ந்து எலும்பை அரித்துக்கொண்டிருக்கலாம். அதற்குச் செய்கிற ஆபரேஷன் வேறு, தள்ளிப்போடவும் கூடாது. காது வடிகிறவருக்கு முகம் ஒரு பக்கம் கோணினாலோ, காதுக்குப் பின்னால் வீங்கினாலோ, கடுமையான தலைச்சுற்று வந்தாலோ, காய்ச்சலோடு பலத்த தலையிடி வந்தாலோ கிளினிக் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

2. துண்டு வாங்கி கிளினிக்குக்குப் போங்கள்

தோட்டத்து டிஸ்பென்சரியிலோ பக்கத்து ஆஸ்பத்திரியிலோ காட்டி, பதுளை பெரியாஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குத் துண்டு எழுதி வாங்குங்கள். கிளினிக் எந்தக் கிழமை, நம்பர் எத்தனை மணிக்குக் கொடுக்கிறார்கள் என்பதை முதலிலேயே விசாரித்துக்கொண்டால் ஒரு நாள் பேர் வீணாகாது. பழைய துண்டுகள், இதுவரை போட்ட மருந்துப் போத்தல்கள், சீனி, பிரஷர் கிளினிக் கொப்பிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. எந்தக் காது, எத்தனை வருடமாக வடிகிறது, கடைசியாக எப்போது வடிந்தது என்ற மூன்றையும் தாளில் எழுதி வைத்திருங்கள்.

அங்கே கருவியால் காதைப் பார்த்து, கேட்டல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். வெறும் ஓட்டை என்றால் கேட்கும் திறன் 30, 40 டெசிபல் வரை குறையலாம். அதற்கு மேல் குறைந்திருந்தால் உள்ளே இருக்கும் சின்ன எலும்புகளோ நரம்போ பாதிக்கப்பட்டிருக்கலாம். ஓட்டையை அடைத்தால் எவ்வளவு கேட்கும் என்பதை அந்தப் பரிசோதனையை வைத்துத்தான் சொல்ல முடியும்.

3. காதைக் காயவையுங்கள்

வடிந்துகொண்டிருக்கிற காதில் ஆபரேஷனை டாக்டர்கள் பெரும்பாலும் தள்ளிப்போடுவார்கள். சில வாரமாவது காது காய்ந்திருக்க வேண்டும் என்பார்கள்.

சீழை எடுக்க, சுத்தமான பருத்தித் துணித் துண்டைத் திரி மாதிரி முறுக்குங்கள். காது மடலை மேலேயும் பின்னேயும் மெல்ல இழுத்துப் பிடித்து, திரியை வலிக்காத அளவுக்கு உள்ளே வைத்து, நனைந்ததும் எடுத்து எறியுங்கள். திரி நனையாமல் வரும்வரை புதுத் திரி வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை இதைச் செய்யலாம். குச்சியோ ஊசியோ வேண்டாம். துடைத்த பிறகு டாக்டர் எழுதிய சொட்டு மருந்தை விடுங்கள். போத்தலைச் சற்று நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்து விட்டால் தலை சுற்றாது. பக்கவாட்டில் படுத்துச் சொட்டு விட்டதும், காதுத் துவாரத்துக்கு முன்னால் இருக்கும் சின்னக் குருத்தை நாலைந்து தடவை அமுக்கிவிட்டால் மருந்து உள்ளே இறங்கும். பக்கத்து வீட்டுப் போத்தலைக் கடன் வாங்காதீர்கள். சில சொட்டு மருந்துகள் ஓட்டை வழியாக இறங்கிக் கேட்கும் நரம்பையே கெடுக்கும். பூண்டு காய்ச்சிய எண்ணெயும் வெங்காயச் சாறும் காதுக்கு ஆகாது.

பீலியில் தலையை நீட்டிக் குளிப்பதுதான் பெரிய இடைஞ்சல். தலைக்கு ஊற்றுகிற நாளில் பஞ்சு உருண்டையில் வாசலின் தடவிக் காதை அடைத்துக்கொள்ளுங்கள். குளித்து முடித்ததும் அதை எடுத்துவிடுங்கள். பஞ்சை நாள் முழுக்க வைத்திருந்தால் காது புழுங்கிச் சீழ் பிடிக்கும். மழையில் மலைக்கு ஏறுகிற நாளில் தலை மூடியிருக்கட்டும். பதுளைப் பக்கம் ஐப்பசி முதல் தை வரை மழையும் சளியும் அதிகம். கச்சான் காற்று அடிக்கிற ஆனி முதல் ஆவணி வரையான காலத்தில் காதைக் காயவைப்பது சுலபம். டாக்டர் திகதி கேட்டால் இதையும் சொல்லலாம்.

4. கேட்டு முடிவெடுங்கள்

இந்த ஆபரேஷனின் முதல் நோக்கம் காது திரும்பத் திரும்ப வடியாமல் நிற்பது. காது கேட்பது கூடினால் அது மேலதிக லாபம். நல்ல கையில் 100 பேரில் 85 முதல் 90 பேருக்கு ஓட்டை மூடும். நாக்கில் ருசி கொஞ்ச நாள் மாறலாம், காதில் இரைச்சல் கேட்கலாம். அபூர்வமாகக் கேட்கும் திறன் குறையலாம், அதைவிட அபூர்வமாக முக நரம்பு பாதிக்கப்படலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் இவற்றைக் கேட்டுத் தெளிவாகுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஏழெட்டு வயது தாண்டும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். ஆபரேஷன் கட்டாயமில்லை. காது காய்ந்தே இருந்தால், தண்ணீர் படாமல் காத்து, தேவையானால் காதுமெஷின் போட்டுக்கொண்டும் வாழலாம்.

5. திகதி கிடைத்ததும்

சளியோ காய்ச்சலோ இருந்தால் முதலிலேயே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். சுருட்டும் சிகரெட்டும் ஒட்டு பிடிப்பதைக் கெடுக்கும், அதனால் சில வாரத்துக்கு முன்பே நிறுத்துங்கள். தலைக்குக் குளித்துவிட்டுப் போங்கள், திரும்பி வந்தபின் கொஞ்ச நாள் முடியாது. தோடு, மூக்குத்தி, தாலி எல்லாவற்றையும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மயக்க மருந்துக்கு முன் ஆறு மணித்தியாலமாவது சாப்பிடக் கூடாது என்பது வழக்கம். பால் தேத்தண்ணியும் சாப்பாட்டுக் கணக்குத்தான். வாட்டில் மிஸ்ஸி சொல்கிற நேரத்துக்குப் பிறகு ஒரு மிடறும் வேண்டாம்.

6. தியேட்டருக்குள் நடப்பது

1950களில் ஜெர்மனியில் வுல்ஸ்டைன், சோல்னர் என்ற இரு டாக்டர்கள் முறைப்படுத்திய வேலையின் தொடர்ச்சி இது. பெரும்பாலும் முழு மயக்கத்தில், ஒன்று இரண்டு மணித்தியாலத்தில் முடியும். காதுக்குப் பின்னால் கீறி, தாடைத் தசையை மூடியிருக்கும் சவ்வில் ஒரு சின்னத் துண்டை எடுப்பார்கள். சிலருக்குக் காதுக் குருத்தெலும்பில் எடுப்பார்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, காய்த்துப்போன விளிம்பைச் சுரண்டிப் புண்ணாக்கி, சைக்கிள் டியூபுக்கு உள்பக்கமாக ஒட்டுப் போட்டதுபோல அந்தச் சவ்வை ஓட்டைக்கு அடியில் விரிப்பார்கள். பழைய செவிப்பறையின் புது விளிம்பு அதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்து ஓட்டையை மூடும். அதற்குச் சில வாரம் ஆகும்.

7. வீட்டுக்கு வந்தபின்

காதுக்குள் வைத்த மருந்துத் துணியை நீங்களாக இழுக்காதீர்கள். ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் கிளினிக்கில் எடுப்பார்கள். ரத்தம் கலந்த நீர் கொஞ்சம் கசிவதும், காது அடைத்திருப்பதும், உள்ளே டிக் டிக் என்று கேட்பதும் வழமைதான்.

மூக்கைச் சிந்தாதீர்கள். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள். மூக்கை மூடித் தும்மினால் காற்று உள்வழியாகப் போய் ஒட்டைத் தள்ளிவிடும். டாக்டர் சொல்லும்வரை காதில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது.

கொழுந்துக் கூடையை ஒரு மாதம் ஒன்றரை மாதத்துக்கு மறந்துவிடுங்கள். தலையில் மாட்டுகிற கயிறு காயத்துக்குப் பக்கத்திலேயே அழுத்தும், பாரத்தோடு ஏறும்போது மூச்சை அடக்கி முக்கவும் வேண்டிவரும். விறகுக் கட்டும் தண்ணிக் குடமும் அப்படித்தான். வாட்டிலிருந்து வரும்போதே மெடிக்கல் எழுதி வாங்கித் தோட்டத்து ஆபிசில் கொடுத்துவிடுங்கள். இரண்டு மாதம் போகும்வரை விமானம் ஏற வேண்டாம். கண்டியிலோ கொழும்பிலோ ஆபரேஷன் செய்தவர்கள் ரயிலில் பதுளைக்குத் திரும்பும்போது கிட்டத்தட்ட 1,900 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொலயைக் கடந்து வருவார்கள். உயரம் மாறும்போது காதில் அழுத்தமும் மாறும், அதனால் எப்போது பயணம் செய்யலாம் என்று டாக்டரிடம் கேட்டுப் புறப்படுங்கள். வழியில் அடிக்கடி எச்சில் விழுங்குங்கள்.

சீழ் நாற்றம், கூடிக்கொண்டே போகும் வலி, காய்ச்சல், முகக்கோணல், எழுந்து நிற்க முடியாத தலைச்சுற்று இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

8. மூன்றாவது மாதம்

வலி இல்லை என்று பலர் கிளினிக்கை விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். ஓட்டை மூடியதா, எவ்வளவு கேட்கிறது என்று தெரிவது இரண்டு மூன்று மாதம் கழித்து எடுக்கிற கேட்டல் பரிசோதனையில்தான். ஒட்டு பிடிக்காதவர்களுக்கு இன்னொரு தடவை செய்ய வழியுண்டு, முன்பு எழுதிய கிளினிக் கொப்பி கையில் இருந்தால் அது சுலபமாகும். வீட்டில் வேறு பிள்ளைக்குக் காது வடிந்தால் அதே நாளில் அதையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஓட்டை காய்த்துப்போவதற்கு முன் மருந்திலேயே முடிகிற வேலை அது.