ஜெனரேட்டர்க் கூண்டின் ஒலித்தடுப்பு உள்ளுறையைப் புதுப்பித்தல்

நாமக்கல், பல்லடம் முதலிய இடங்களில் கோழிப் பண்ணைகள் மிகுந்துள்ளன. மின்விசிறிகளைக் கொண்டு காற்றோட்டம் அளிக்கப்படும் மூடிய கொட்டகைகளில், மின்சாரம் நின்றவுடன் ஜெனரேட்டர் இயங்கியாக வேண்டும். கோடைப் பகலில் சிறிது நேரம் விசிறிகள் நின்றாலும் கோழிகள் வெப்பந் தாளாது மடியும். பண்ணைக்காரர்கள் யந்திரத்தின் எண்ணெயையும் வடிகட்டிகளையும் காலத்தில் மாற்றுகின்றனர். ஆனால் கூண்டின் உள்ளுறையைக் கவனிப்போர் சிலரே. அது சத்தத்தைக் குறைப்பதற்கு மட்டுமே ஏற்பட்டதென்று கருதி விட்டுவிடுவது பெருநஷ்டத்திற்கு இடமாகும்.

உள்ளுறையின் வேலை

கூண்டின் இரும்புத் தகடு ஒலியை வெளியே செல்லாமல் தடுக்கிறது. தடுக்கப்பட்ட ஒலி உள்ளேயே எதிரொலித்துப் பெருகும். நுண்துளைகள் நிறைந்த உள்ளுறை அதனை உறிஞ்சிச் சிறிதளவு வெப்பமாக மாற்றிவிடுகிறது. 2005-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து செய்யப்படும், 1,000 கே.வி.ஏ. வரையிலான டீசல் ஜெனரேட்டர்கள், கூண்டிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் 75 டெசிபெலுக்கு மேல் ஒலி எழுப்பலாகாதென்று இந்திய அரசாங்கம் விதித்தது. உள்ளுறை சிதைந்தால் இவ்வளவு மீறப்படக்கூடும்.

சிதைவினால் வரும் தீங்குகள்

பல கூண்டுகளில் பாலியூரித்தேன் ஸ்பாஞ்சு ஒட்டப்பட்டிருக்கும். வெப்பமும் ஈரமும் எண்ணெய் ஆவியும் பட்டு, அது நாளடைவில் பொடியாக உதிரும். உதிர்ந்த துணுக்குகள் ரேடியேட்டரை அடைத்தால் யந்திரம் சூடேறித் தானே நின்றுவிடும். பசை விட்டுத் தொங்கும் உறை, கொதிக்கும் புகைக்குழாயின்மேல் விழக்கூடும். எண்ணெய் ஊறிய ஸ்பாஞ்சு விளக்குத் திரியைப் போல் தீப்பற்றும். அதன் புகையோ விஷமுடையது.

உறையை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல ஸ்பாஞ்சு உடனே பழைய நிலைக்கு மீளும். குழி மீளாமலிருந்தாலும், பொடி உதிர்ந்தாலும், விரலில் எண்ணெய் ஒட்டினாலும் மாற்றுவது அவசியம்.

தக்க பொருள்

தீப்பற்றாத பாறைக் கம்பளி, அதாவது ராக்வுல், சிறந்தது. 50 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையைக் கண்ணாடியிழைத் துணியால் மூடி, அதன்மேல் துளையிட்ட தகட்டைப் பொருத்துவது வழக்கம். தெர்மோகோல், சாக்கு, தென்னைநார்ப் பாய், பழைய மெத்தை ஆகியவற்றைக் கூண்டினுள் வைக்கலாகாது. அவை எளிதில் எரியும். தெர்மோகோல் ஒலியை உறிஞ்சுவதும் மிகக் குறைவு.

செய்முறை

1. ஒரு தொகுதிக் கோழிகள் விற்றுப்போய்க் கொட்டகை காலியாயிருக்கும் நாட்களே இவ்வேலைக்கு ஏற்றவை. இயலாதாயின் மாற்று ஜெனரேட்டரை முன்னரே அமர்த்திக்கொள்ள வேண்டும்.

2. தானே இயங்கும் அமைப்பை நிறுத்தி, யந்திரம் ஆறியபின், பேட்டரியின் எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றுக. இதனைத் தவறவிட்டால், மின்சாரம் நின்றதும் யந்திரம் திடீரென ஓடிக் கைகளுக்குச் சேதம் விளைக்கும்.

3. காற்று வடிகட்டியின் வாயையும் ரேடியேட்டரையும் துணியால் மூடுக. முகமூடி, கண்ணாடி, கையுறை அணிந்து, பழைய உறையையும் பசையையும் சுரண்டி நீக்கி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தெடுக்கவும். கழிவைக் கொளுத்தலாகாது.

4. பழைய துண்டுகளின் அளவில் புதியவற்றை வெட்டி ஒட்டுக. சூட்டில் பசை இளகுமாதலால், அகன்ற வாஷர்களுடன் திருகாணிகளும் இடுதல் வேண்டும். துளைத் தகட்டின்மேல் கனமாக வர்ணம் பூசினால் துளைகள் அடைபட்டுப் பயன் குறையும்.

5. காற்று வரும் வழியும் போகும் வழியும் முன்னிருந்த அளவிலிருந்து சிறிதும் குறையலாகாது. புகைக்குழாய்க்குச் சூடு தாங்கும் கண்ணாடியிழைக் கயிறு சுற்றி, உறை அதனைத் தொடாதபடி செய்க.

6. கதவுகளின் ரப்பர்ப் பட்டையையும் மாற்றுக. சுவர்ப்பரப்பில் நூற்றிலொரு பங்கு சந்து இருப்பினும், எத்துணைக் கனமான சுவரும் சுமார் 20 டெசிபெலுக்கு மேல் ஒலியைக் குறைக்க இயலாது.

7. மூடியிருந்த துணிகளை மறவாது எடுத்துவிட்டு, முழுப் பாரத்தில் 1 மணி நேரம் ஓட்டிப் பார்க்கவும். வெப்பமானி முன்னைவிட அதிகங் காட்டினால் காற்றுவழி தடைப்பட்டுள்ளதென்று அறிந்து திருத்துக. பின்னர்த் தானியங்கி அமைப்பை மீண்டும் பழைய நிலையில் வைக்க மறக்கலாகாது.

எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் உள்ளுறையையும் அழுத்திப் பார்த்துவருவது பண்ணைக்காரர்களுக்கு நலம்.