படம் எடுப்பவர் நிற்கும் இடம்

பறவைப் படத்தைப் பெரிதும் தீர்மானிப்பது காற்று. பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும்பும், எதிர்த்தே இறங்கும். காற்றும் காலை வெயிலும் ஒருசேர முதுகில் படும்படி நிற்பவருக்கு, வந்திறங்கும் நாரை முகம் காட்டும். அதன் கண்ணில் ஒளி தெரியும். எதிர்க்கரையில் நிற்பவர் எவ்வளவு விலை கொடுத்து லென்ஸ் வாங்கியிருந்தாலும் அவருக்கு அகப்படுவது வாலும் நிழலும்தான்.

வேடந்தாங்கலில் குளிர்காலத்தில் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், வக்கா, பாம்புத்தாரா எல்லாம் கூடு கட்டுகின்றன. சுள்ளியைக் கவ்விக்கொண்டு ஒரு கிளைக்குப் போகும் பறவை, சற்று நேரத்தில் அடுத்த சுள்ளியோடு ஏறக்குறைய அதே வழியில் திரும்பும். அந்த வழியைக் கண்டுகொண்டவர் கேமராவை அங்கேயே குறிவைத்துக் காத்திருக்கலாம். வானமெங்கும் லென்ஸைத் திருப்பி அலைய வேண்டியதில்லை. உட்கார்ந்திருக்கும் பறவை முன்னால் சாய்ந்து கழுத்தைச் சுருக்கினாலோ, எச்சமிட்டாலோ, அது கிளம்பப் போகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். பறக்கும்போது எடுக்க 1/2000 நொடி வேகம் வேண்டும். அசையாமல் நிற்கும் கொக்குக்கு 1/500 போதும்.

வெள்ளையும் கறுப்பும் கேமராவைக் குழப்பும். சட்டத்தின் பெரும்பகுதியை வெள்ளைக் கொக்கே அடைத்துக்கொண்டால் கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும். அங்கே எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டும். அதே கொக்கு இருண்ட பச்சை மரத்தின் முன்னால் சிறிதாக நின்றால் இறகின் நுணுக்கமெல்லாம் வெளிறிப்போகும். அங்கே ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். காகமும் எருமையும் சட்டத்தை நிறைத்தாலும் குறைக்கத்தான் வேண்டும். இதைப் பழக ஏரிக்குப் போகத் தேவையில்லை. வீட்டுச் சுவரில் வந்து உட்காரும் காகம் போதும். நாய், பூனை, அணில் ஆகியவற்றை நின்றபடி மேலிருந்து எடுத்தால் முதுகுதான் தெரியும். தரையில் மண்டியிட்டு அவற்றின் கண்மட்டத்துக்கு இறங்கினால் பின்னணியும் தொலைவுக்குப் போய் மங்கிவிடும்.

கூட்டை நெருங்கி எடுக்கும் ஆசையை விட்டுவிடுவதே நல்லது. ஆள் நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்துவிடும். அது திரும்புவதற்குள் குஞ்சு வெயிலில் வாடும், அல்லது காகம் கொத்திப் போகும். எந்தப் படமும் இதற்கு ஈடாகாது. மா. கிருஷ்ணன் (1912–1996) முதலில் இயற்கையாளர், பிறகுதான் புகைப்படக் கலைஞர். 1950 முதல் இறுதிவரை விலங்குகளையும் பறவைகளையும் பற்றிப் பத்தி எழுதியவர். படங்களைக் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தவர். அவருடைய யானைப் படங்களில் தெரிவது, யானையை நெடுங்காலம் பார்த்துப் பழகிய ஒருவரின் கண்.

அடுத்து நடக்கப்போவதை ஊகிக்கும் இதே முன்னறிவுதான் தெருவிலும் வேலை செய்கிறது. மயிலாப்பூர் பங்குனித் திருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்து மூவர் உலா மாட வீதிகளில் வரும்போது கூட்டத்துக்குள் ஓரடி நகர முடியாது. உலா தொடங்கிய பிறகு இடம் தேடுவது வீண். காலையிலேயே வந்து, பிற்பகல் வெயில் எந்த வரிசை வீடுகளின் மேல் விழும் என்று பார்த்து, ஏதாவதொரு வீட்டாரிடம் மொட்டை மாடிக்கு அனுமதி கேட்டு வைத்துவிட வேண்டும். பல்லக்கை எல்லோரும் எடுப்பார்கள். ஓரத்தில் நீர்மோர் ஊற்றிக் கொடுப்பவரின் கை, தோளிலேறிய குழந்தையின் முகம், வாசற்படியில் நாற்காலி போட்டுக் காத்திருக்கும் பாட்டி என எல்லாம் படத்தில் வந்தால்தான் அது மயிலாப்பூரின் திருவிழா என்று தெரியும்.

சந்துகளில் ஃபோகஸுக்கு அவகாசம் கிடைக்காது. முழுச்சட்ட கேமராவில் 28 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் வைத்து, ஃபோகஸை மூன்று மீட்டரில் நிறுத்திவிட்டால், சுமார் 1.6 மீட்டரிலிருந்து 30 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். அதன்பின் கவனம் முழுவதையும் மனிதர்கள் மேல் வைக்கலாம். மார்கழிக் கோலத்துக்கு உச்சி வெளிச்சம் ஆகாது. கிழக்கே இப்போதுதான் கிளம்பிய வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் மாவின் மேடு பள்ளம் தெரியும். கோலம் போடுகிறவரிடம் “அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்பதால் இயல்பு கெட்டுவிடும் என்று சிலர் சொல்வார்கள். கெடாது. ஒப்புக்கொண்டவர் இரண்டு நிமிடத்தில் கேமராவை மறந்து புள்ளியை எண்ணத் தொடங்கிவிடுவார். மறுவாரம் அந்தப் படத்தைப் பிரதி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தவருக்கு அந்தத் தெருவே பழக்கமாகும். மறுப்பவரை எடுக்கக் கூடாது.

வீட்டு விசேஷத்தில் நடக்கப் போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் படம் தவறுவது அங்கேதான் அதிகம். திருமணத்தில் கெட்டிமேளம் கேட்ட பிறகு கேமராவைத் தூக்குபவர் பிந்திவிடுவார். அதற்குள் அட்சதை போட எழுந்த கைகள் மறைத்துவிடும். தாலித் தட்டு சபையோரிடம் ஆசி பெறச் சுற்றிவரும், அது மேடைக்குத் திரும்பும் நேரமே இடம் பிடிக்க வேண்டிய நேரம். மணமகளுக்கு முன்னால், சற்றே பக்கவாட்டில், முக்காலி போட்டு உயர்ந்து நின்றால் மணமகனின் கையும் மணமகளின் முகமும், அடுத்த முடிச்சுக்காகப் பின்னால் காத்திருக்கும் நாத்தனாரும் ஒரே சட்டத்தில் வருவார்கள். பந்தலில் முறைகள் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். எனவே முதல் நாள் மாலையே அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் எதற்குப் பின் எது, தாய்மாமன் யார், அத்தை யார் என்று கேட்டுக்கொள்வது கட்டாயம்.

ஹோமப் புகையின் மேல் நேராக ஃபிளாஷ் அடித்தால் புகை வெள்ளைத் திரையாகிவிடும். பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் அதையே அழகாக்கும். வெள்ளைக் கூரையில் ஃபிளாஷை அடித்துத் திருப்பலாம். மஞ்சள் துணி கட்டிய பந்தலில் அப்படிச் செய்தால் முகமெல்லாம் மஞ்சளாகும். மண்டபத்து எல்இடி விளக்குகள் பல, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை மினுங்குகின்றன. 1/50 அல்லது 1/100 நொடியில் எடுத்தால் படத்தில் வரிகள் விழுவது குறையும். காதுகுத்தில் ஊசியைவிடத் தாயின் முகம் முக்கியம். குழந்தை அழத் தொடங்கும் முன்பே அவர் கண்ணில் நீர் திரண்டுவிடும்.

குளிரூட்டிய மண்டபத்திலிருந்து சென்னையின் ஈரக்காற்றுக்கு வந்ததும் லென்ஸில் பனி படரும். கேமராவைப் பைக்குள்ளேயே வைத்திருந்து, வெளிச் சூட்டுக்குப் பழகிய பின் எடுப்பது நல்லது. ஈரத்தில் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஜெல்லை அவ்வப்போது மாற்ற வேண்டும். மெமரி கார்டை அழிப்பதற்கு முன் படங்கள் இரண்டு தனித்தனி இடங்களில் பதிவாகியிருக்க வேண்டும். குடும்பப் படங்களைக் கொடுக்கும்போது தேதி, ஊர், இடமிருந்து வலமாக நிற்பவர்களின் பெயர், உறவு ஆகியவற்றை வீட்டாரிடமே கேட்டு எழுதிச் சேர்த்துவிட வேண்டும்.