வெள்ளி பின்னேரம் ஓடர் எடுக்கிறதில்லை

நல்லூரில் இருந்துகொண்டு வெளிநாட்டுக்குத் தூள் விற்கிறவளுக்கு இரவு என்று ஒன்று கிடையாது. பருத்தித்துறை வீதியை ஒட்டிய ஒழுங்கையில் என் கடை. கறித்தூள், மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம், ஒடியல்மா, பனங்கட்டி. வாங்குகிறவர்களில் பாதிப்பேர் இங்கே இல்லை. லண்டனில் இரவு 9 மணிக்குக் குசினியை ஒதுக்கும்போதுதான் தூள் போத்தல் வெறுமையாகக் கிடப்பது கண்ணில் படும். இங்கே அப்போது விடியப்புறம் ஒன்றரை. ரொறன்ரோவில் 5 மணிக்கு வேலை முடிந்து பஸ் ஏறியதும் ஒருவர் விலை கேட்பார், இங்கே இரண்டரை. சிட்னியில் காலை 9 மணி என்றால் நமக்கு நாலரை. இது ஓகஸ்ட் மாதக் கணக்கு. மாரியில் மணி கொஞ்சம் மாறும், போன் அடிப்பது மாறாது.

போனை மூடிவைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்று அறிவுரை சொல்கிறவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து பார்க்கவேண்டும். இங்கே பேச்சு நின்றால் அதற்கு வேறு அர்த்தம். 1990இல் போரில் கரண்ட் போனபிறகு வருடக்கணக்காக ஜாம் போத்தல் விளக்கில் படித்த ஊர் இது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடல் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டார்கள். 1995 ஒக்டோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்து நடந்தபோது யார் எங்கே என்று தெரியவில்லை. 2006 ஓகஸ்டில் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடுண்டது. 2009இல், போரின் கடைசி மாதங்களில், வெளிநாட்டில் இருந்தவர்கள் வன்னியில் இருந்த சொந்தங்களின் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். அந்த ஆக்கள்தான் இன்றைக்கு என்னிடம் இரண்டு கிலோ தூள் கேட்கிறார்கள். போன் எடுக்கவில்லை என்றால் அவர்களுக்கு வருவது கோபமில்லை.

“ஏன் பிள்ளை எடுக்கேல்லை? என்னவோ ஏதோ எண்டு நெஞ்சு பதறிப்போச்சு” என்று ஸ்காபரோவில் இருந்து ஒரு மாமி கேட்டார். நான் அப்போது கோவிலில் நின்றிருந்தேன், அவ்வளவுதான்.

ஆகவே இங்கே தொழில் செய்கிறவர்கள் போனைச் சத்தமில்லாமல் மூடக்கூடாது என்பது என் கட்சி. மூடப்போவதை முன்கூட்டியே சொல்லவேண்டும், சொன்ன நேரத்துக்குத் திறக்கவேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம்.

இதற்கு வழிகாட்டி எனக்குக் கூப்பிடு தூரத்திலேயே இருக்கிறது. நல்லூர்க் கந்தன் யாருக்கும் பதில் செய்தி அனுப்புவதில்லை. பூசைக்கு மணி அடிக்கும் நேரம் ஊருக்குத் தெரியும், அது பிந்துவதில்லை. பெரிய மனிதர் வருகிறார் என்று திரையைப் பிடித்துவைக்கிற பழக்கம் அங்கே கிடையாது. அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய், எல்லோருக்கும் அதேதான். இத்தனை மணிக்கு என்று தெரிந்தபடியால் ஒருவரும் கேட்டு நச்சரிப்பதில்லை. என்னை நச்சரித்தவர்களும் பொல்லாதவர்கள் இல்லை. என் கடைக்கு நேரம் என்று ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

இப்போது அந்த நேரத்தை எழுதி வைத்திருக்கிறேன். வட்ஸ்அப் பிஸ்னஸில், நாம் இல்லாத நேரத்தில் தானாகப் போகும் பதிலை நேரம் குறித்து வைக்கலாம். என்னுடையது இப்படி: “வணக்கம். வெள்ளி பின்னேரம் 4 மணி தொடக்கம் சனி காலை 8 மணி வரை ஓடர் எடுக்கிறதில்லை. சனி காலை பதில் வரும். நாங்கள் எல்லாரும் சுகம்.” கடைசி வசனத்தைப் பார்த்துக் கொழும்பில் இருக்கும் மச்சாள் சிரித்தாள். கடைக்கு அது தேவையில்லையாம். எனக்கு அந்த ஒரு வசனம்தான் முக்கியம்.

ஒன்று கவனிக்கவேண்டும். அந்தப் பதில், போனில் இணையம் இருந்தால்தான் போகும். டேட்டாவை நிறுத்திவிட்டுப் போனால் அந்தப் பக்கம் வெறும் மௌனம், மாமியின் நெஞ்சு பிறகும் பதறும். அதனால் கடைப் போனைச் சத்தத்தைக் குறைத்து, சார்ஜில் போட்டு, கடையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வருகிறேன். வீட்டுக்கு ஒரு பட்டன் போன். அந்த நம்பர் வீட்டாருக்கும் கடைப்பிள்ளைக்கும் இன்னும் சில வயதானவர்களுக்கும் மட்டும் தெரியும். ஆபத்து அந்தரத்துக்கு அது அடிக்கும். விலை கேட்டு யாரும் அதில் எடுப்பதில்லை.

கிழமை நாட்களில் முழுதாக விடமுடியாது. ஆனால் வறுக்கும் இடத்துக்குள் போன் வராது. மல்லியை இறக்கிச் செத்தல் மிளகாயைத் தாச்சியில் போட்டபிறகு, சிவப்பு கறுப்பாகும் இடைவெளி மிகச் சின்னது. கறுத்தால் கைக்கும், அந்த ஈடு முழுதும் போச்சு. பாரிசில் ஒருவருக்குத் தபால் செலவு எவ்வளவு என்பதை மிளகாய் வறுபட்டு முடிந்தபிறகும் சொல்லலாம்.

பதில் பிந்தினால் வியாபாரம் போய்விடும் என்ற பயத்துக்கு 2021 ஒக்டோபர் 4 ஒரு மருந்து. அன்றிரவு 9 மணி கழிந்து பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் உலகம் முழுக்க விழுந்து, ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் எழும்பவில்லை. நமது இரவு, அவர்களின் பகல்: எனக்கு ஓடர் வரும் உச்ச நேரம். காலையில் எல்லாச் செய்திகளும் ஒன்றாக வந்து விழுந்தன. தூள் வேண்டியவர் காலையிலும் வேண்டியவராகவே இருந்தார்.

2022 வேறு மாதிரி. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. டீசல் இல்லாமல் ஜெனரேட்டர்கள் நின்றன, போன் கோபுரங்களின் பற்றரி இறங்கியதும் சிக்னலும் போனது. ஏப்ரல் 3ஆம் திகதி அரசே சமூக ஊடகங்களை அரை நாளுக்கு மேல் முடக்கியது. அதை ஓய்வு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த நாட்களிலும் தாங்கக்கூடியதாக இருந்தது வலயவாரியாக வந்த மின்வெட்டு அட்டவணைதான். கரண்ட் வரும் மணி தெரிந்தால் மில்லுக்குப் போகலாம். தெரியாமல் குந்தியிருப்பதுதான் ஆளைத் தின்றது.

திருவிழாக் காலம் எனக்கு நேர்மாறு. கொடியேறி 25 நாள் கோவிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் விடுவதில்லை. ஓட்டோ வராது, பொதி எடுக்க வான் வராது. ஆனால் வெளிநாட்டில் இருந்து ஆயிரக்கணக்கில் வந்து நிற்பவர்கள் கால்நடையாகக் கடைக்கே வருவார்கள். அந்த நாட்களில் போன் ஓடரை அடியோடு நிறுத்துகிறேன். தேரும் தீர்த்தமும் முடிந்து பயணப்பெட்டி கட்டுகிறவர்களுக்கே சாமான் சரியாகப் போகும். வருடத்தில் கூடிய விற்பனை நடப்பதும் அந்தப் போன் இல்லாத நாட்களில்தான் என்பதை எந்த வியாபார வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. ஆண்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: மேற்சட்டை கழற்றித்தான் கோவிலுக்குள்ளே போகவேண்டும், போன் வைக்கச் சேர்ட்டுப் பை இல்லை.

இதனால் நட்டமே இல்லை என்று சொல்லமாட்டேன். நாளைக்கே வேண்டும் என்றவர்கள் சிலர் வேறு கடைக்குப் போனார்கள், திரும்பி வரவில்லை. மாதக் கணக்கில் அது தெரியும். அதைக் கடை வாடகையோடு சேர்த்துச் செலவாக எழுதிவிட்டேன்.

சனி காலை திறக்கும்போது செய்திகள் வந்த வரிசைப்படி பதில் எழுதுவதில்லை. முதலில் வங்கிச் சிட்டை அனுப்பியவர்கள், காசு அனுப்பியவரைக் காத்திருக்க வைப்பது சரியில்லை. அடுத்து பயணம் போகிறவர்கள். அவர்களிடம் முதலில் கேட்பது எத்தனை கிலோ என்றல்ல, எந்தத் திகதி பிளைட் என்றுதான். விலை மட்டும் கேட்டவர்கள் பிறகு. குரல் செய்திகளைப் பைக்கற் ஒட்டும்போது கேட்பேன். ஆறு நிமிடம் ஊர்ப்புதினம் கேட்டு, கடைசி மூச்சில் “அரைக்கிலோ மோர்மிளகாய்” என்பார்கள். அதை ஓடராக எடுப்பதில்லை, எழுதி அனுப்பச் சொல்லுவேன். எழுத ஏலாத ஸ்காபரோ மாமிக்கு மட்டும் விலக்கு. அவவிடம் பட்டன் போன் நம்பர் இருக்கிறது, வெள்ளி பின்னேரம்தான் அதில் எடுப்பா.