மலைக் குளிரில் கொலு பொம்மைக்கு வண்ணம்!

நவராத்திரிக்காகப் பரணில் இருந்து பெட்டியை இறக்கி, செய்தித்தாளைப் பிரித்தால்... பாட்டி காலத்து அம்பாளின் முகத்தில் வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்திருக்கிறது. 'மூளியானதைக் கொலுவில் வைக்கலாமா?' என்று கலங்கி, நீரில் கரைத்துவிட நினைப்பவர்கள் உண்டு. சற்றுப் பொறுங்கள்! மண் உடையாமல் மேல்பூச்சு மட்டும் போயிருந்தால், அவளை நீங்களே மீட்டுவிடலாம்.

மண்ணில் அம்பிகையை வடித்து வணங்குவது பழைமையான மரபு. சுரத மன்னனும் சமாதி என்ற வணிகனும் ஆற்றங்கரையில் மண்ணால் தேவியைச் செய்து, மூன்று ஆண்டுகள் பூஜித்து அருள்பெற்றதை தேவி மகாத்மியம் கூறுகிறது. அந்த மண்ணுக்கு எதிரி, ஈரம்.

கீழே ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வெயில் காயும்போதே, 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏலகிரிக்கு ஏறினால் பனிமூட்டம் தழுவும். 1,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். புரட்டாசியில் மழையும் சேர்ந்துகொள்ளும். சுட்ட மண்ணில் உள்ள நுண்துளைகள் இந்த ஈரத்தைக் குடித்துவிடும். அதன்மேல் பெயின்ட் பூசி மூடினால், உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சைக் கொப்பளிக்கச் செய்யும். மலையில் வசிப்போர் மட்டுமல்ல, மழைக்காலத்தில் வண்ணம் தீட்டும் எவரும் இதைக் கவனிக்க வேண்டும்.

எப்படிச் செய்வது?

* விநாயகர் சதுர்த்தி முடிந்ததுமே தொடங்குங்கள். நவராத்திரிக்கு 25 நாட்களாவது கிடைக்கும்.

* உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். சுடாத மண் பொம்மை என்றால் தண்ணீரே படக்கூடாது, கரைந்துவிடும்.

* உதிரும் இடங்களை உப்புத்தாளால் மெல்லத் தேயுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். எனவே மூக்கை மூடிக்கொள்ளுங்கள்; குழந்தைகளைத் தள்ளி இருக்கச் சொல்லுங்கள்.

* காற்றோட்டமான அறையில் உலரவிடுங்கள். சமையலறை வேண்டாம், ஆவி படியும். சமையல் தராசில் தினமும் எடை பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு நாட்கள் எடை குறையாமல் இருந்தால் ஈரம் போய்விட்டது என்று பொருள். தராசு இல்லையா? கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை.

* சாக் பவுடரை, நீர் கலந்த ஃபெவிகாலில் குழைத்து வெள்ளைப்பூச்சு கொடுங்கள். தடிமனாக ஒருமுறை பூசுவதைவிட மெல்லியதாக இருமுறை பூசுவதே நல்லது. ஒவ்வொன்றும் முழுதாக உலரட்டும். அவசரப்பட்டு அடுப்பருகே வைத்தால் வெடிப்பு விழும்.

* பிறகு அக்ரிலிக் வண்ணம். முதலில் மேனி, அடுத்து புடவை, பிறகு நகைகள்.

* வார்னிஷை மட்டும் மழையிலும் பனியிலும் அடிக்காதீர்கள். ஈரக்காற்று பட்டால் பால் படிந்ததுபோல் வெளுத்துவிடும். வெயில் தெளிந்த நண்பகலே அதற்கு உகந்தது.

கண் எழுதுவதை வண்ண வேலையில் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். நீராடி, விளக்கேற்றி, அம்பாளை நினைத்து மெல்லிய பிரஷ்ஷால் கருவிழியைத் தீட்டுங்கள். பாட்டி கைபட்ட பொம்மை உங்கள் பேத்தியின் கொலுவிலும் வீற்றிருக்க வேண்டாமா? அதற்காகச் சில நாட்கள் பொறுமையாகக் காத்திருப்பதும் ஒரு பூஜைதான்!